கண்டிப்பேட் தண்ணீரும் நூறாண்டுக் கரையும்

கண்டிப்பேட் தண்ணீரை ஒரு முறை குடித்தவன் ஹைதராபாத்தை விட்டுப் போக மாட்டான் என்று இவ்வூரில் ஒரு பேச்சு உண்டு. மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு திரும்பிவிடலாம் என்று திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் பத்மாராவ் நகரிலும் மல்காஜ்கிரியிலும் இருந்துகொண்டிருக்கும் நம் அன்பர்கள் பலருக்கு இந்தப் பேச்சை மறுக்க வாய் வராது. இன்று நம் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் மஞ்சீராவோ கிருஷ்ணாவோ கோதாவரியோதான். கண்டிப்பேட் பங்கு கொஞ்சம். ஆனால் தண்ணீர் நம் வீட்டுக்கு வருவது குறைந்ததே தவிர, அந்த அணை நம் தலைக்கு மேலே இருப்பது குறையவில்லை.

தலைக்கு மேலே என்று சொல்வதில் மிகை கிடையாது. உஸ்மான் சாகர் என்கிற கண்டிப்பேட் ஏரியின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1790 அடி. ஹிமாயத் சாகருக்கு 1763.50 அடி. இரண்டும் நகருக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உயரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி வரும் மூசியும் ஈசியும் லங்கர் ஹவுஸ் அருகே, காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்ட பாபு காட்டில் ஒன்றுசேர்ந்து, நகரின் நடுவே ஓடுகின்றன. உஸ்மான் சாகர் கட்டி முடிந்தது 1920-இல். அதாவது நூறு வயது தாண்டிவிட்டது. ஹிமாயத் சாகர் முடிந்தது 1927-இல்.

செப்டம்பர் மாதம் பிறந்து மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால், "சார், நீங்க இன்ஜினீயர்தானே, அந்தக் கரை தாங்குமா?" என்று யாராவது என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் பொதுப்பணித் துறைக்காரன் அல்ல. டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளத்தோடும் பாலத்தோடும் காலம் கழித்தவன். இருந்தாலும் ஏரிக்கும் ரயில்வேக்கும் ஓர் உறவு உண்டு. அது வெளியில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ரயில்வே சிவில் பகுதியில் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு பதிவேடு இருக்கும். ரயில்வேயைப் பாதிக்கக்கூடிய ஏரிகள் என்று அதற்குப் பெயர். பாதைக்கு மேல்புறம், மேட்டில் இருக்கும் ஏரி உடைந்தால் வெள்ளம் எந்தப் பாலத்தில் வந்து மோதும் என்று கணக்கெடுத்து வைத்திருப்பார்கள். ஏரி நம்முடையதல்ல, மாநில அரசுடையது. ஆனாலும் மழைக்கு முன் அவர்களையும் அழைத்துக்கொண்டு சேர்ந்தே போய்ப் பார்க்க வேண்டும். கரை சரிந்திருக்கிறதா, கலிங்கு அடைத்திருக்கிறதா, கரையில் எலி வளை, கறையான் புற்று உண்டா என்று குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இது சும்மா வந்த வழக்கமல்ல. உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். 1954 செப்டம்பரில் ஜனகாம் அருகே பாலம் வெள்ளத்தில் போய் ரயில் கவிழ்ந்தது. 1956 செப்டம்பரில் மஹபூப்நகர் அருகே மற்றொன்று. அதே ஆண்டு நவம்பரில் நம் அரியலூர். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்குப் பின்தான். எல்லாம் பழங்கதை என்று நினைக்க முடியாதபடி 2005 அக்டோபர் 29 அன்று நல்கொண்டா மாவட்டம் வலிகொண்டா அருகே டெல்டா பாஸஞ்சர் அப்படியே விழுந்தது. மேலே ஏரி உடைந்து வந்த வெள்ளம் சின்னப் பாலம் ஒன்றை அடித்துக்கொண்டு போயிருந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். பெரிய நதியும் இல்லை, பெரிய அணையும் இல்லை. சாதாரண ஏரித் தண்ணீர்.

ஹைதராபாத்தின் இரண்டு அணைகளும் பிறந்ததே இப்படி ஏரிகள் உடைந்த கதையில்தான். 1908 செப்டம்பர் 28. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் காலம். ஒன்றரை நாளில் ஏறத்தாழ 17 அங்குல மழை. மூசி கரை புரண்டு அஃப்ஸல்கஞ்சில் ஆள் உயரத்துக்கு மேலே ஓடியது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளிய மரத்தில் தொற்றிக்கொண்டு 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்றும் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் ஒதுக்கிப் பார்க்கலாம்.

மறு ஆண்டே விஸ்வேஸ்வரய்யா வரவழைக்கப்பட்டார். அவர் நதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. மேலே ஏறிப் போனார். நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளில் 221 ஏரிகள் உடைந்திருந்தன என்று அவர் எடுத்த கணக்குதான் என் போன்றவர்களுக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான எண். தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏரிகள் சங்கிலியாக இருக்கும். மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரி உடைந்தாலோ, கீழ் ஏரியும் சேர்ந்து உடையும், அதற்கடுத்ததும் அப்படியே. மழைத் தண்ணீர் மட்டுமல்லாமல், முன்பே தேங்கியிருந்த தண்ணீரும் ஒரே ராத்திரியில் நகரத்தின் மேல் விழுந்தது. ஆகவே நகருக்கு மேலே மூசியிலும் ஈசியிலும் ஒவ்வொரு பெரிய தேக்கம் கட்டி வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விட வேண்டும் என்று அவர் சொன்னார். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் அவை கட்டப்பட்டன. முதலாவதற்குத் தன் பெயரையும், இரண்டாவதற்குத் தன் மூத்த மகன் பெயரையும் வைத்தார்.

வெள்ளத்துக்காகக் கட்டிய அணை குடிநீருக்கும் உதவியது. கண்டிப்பேட்டிலிருந்து ஆசிஃப் நகர் வடிகட்டும் நிலையம் வரை, பம்பு எதுவும் இல்லாமல், வாட்டத்திலேயே தண்ணீர் ஓடிவரும்படி மூடிய கல் கால்வாய் கட்டினார்கள். கரண்ட் பில் இல்லாத குடிநீர் திட்டம்! இன்று கிருஷ்ணாவையும் கோதாவரியையும் நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து பம்பு வைத்து ஏற்றும் செலவை நினைத்தால், அந்தக் கால்வாயை வகுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

ஆனால் ஒரே அணையை வெள்ளத்துக்கும் குடிநீருக்கும் வைத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெள்ளத்தைப் பிடிக்க வேண்டுமானால் அணை காலியாக இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் நிரம்பியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பாத்திரத்தில் நடக்காது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

உஸ்மான் சாகரின் கொள்ளளவு 3.9 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 738 சதுர கிலோமீட்டர். ஹிமாயத் சாகருக்கோ நீர்ப்பிடிப்புப் பகுதி 1311 சதுர கிலோமீட்டர், கொள்ளளவு 2.97 டி.எம்.சி.தான். தண்ணீர் வரும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாத்திரமோ சிறிது. அந்தப் பரப்பு முழுவதும் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 4.6 டி.எம்.சி. மண் ஏற்கெனவே ஈரமாக இருந்து பாதி ஓடி வந்தால்கூட 2.3 டி.எம்.சி. அணையில் முக்கால் பங்கு ஒரே மழையில் நிரம்பிவிடும். ஆகஸ்டிலேயே நிரம்பியிருந்தால் வருவதை வந்தபடியே கீழே விட வேண்டியதுதான். ஒரு டி.எம்.சி.யை 24 மணி நேரத்தில் வெளியேற்றுவதென்றால் நொடிக்கு 11,574 கன அடி விட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1908 போல் 17 அங்குலம் இரண்டு பரப்பிலும் சேர்ந்து பெய்தால் விழுவது 31 டி.எம்.சி. இரண்டு அணையும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் சேர்ந்து பிடிப்பது 7 டி.எம்.சி.க்கும் குறைவு. ஆகவே இந்த அணைகள் இருப்பதால் வெள்ளமே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளத்தின் உச்சியைக் கொஞ்சம் மழுக்கி, சில மணி நேரம் தள்ளிப்போடும் வேலையைத்தான் இவை செய்ய முடியும். அந்தச் சில மணி நேரம்தான் உயிர்.

சென்னைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். செம்பரம்பாக்கம் 3.645 டி.எம்.சி. ஏரி, ஏறக்குறைய நம் கண்டிப்பேட் அளவுதான். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து 29,000 கன அடி திறந்துவிட்டதும் அடையாறு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அங்கே கரை உடையவில்லை, கதவு உடையவில்லை. அணைக்கு ஒரு சேதமும் இல்லாமலே ஊர் மூழ்கியது. பின்னால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அது மனிதரால் வந்த பேரிடர் என்று எழுதியது. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. டிசம்பருக்குப் பின் மழை கிடையாது, கோடையில் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று நினைக்கும் அதிகாரியின் தர்மசங்கடமும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்த முடிவை ஒரு மனிதரின் துணிச்சலுக்கு விடாமல், எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்கு மேல் தேக்கக் கூடாது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

சரி, கரை தாங்குமா என்ற கேள்விக்கு வருவோம். வயது மட்டும் ஒரு கட்டடத்தைக் கொல்வதில்லை. இதே ஊரில் மீர் ஆலம் ஏரிக்கரை இருநூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. 21 வளைவுகளைப் படுக்க வைத்தாற்போல் வரிசையாக, வளைவின் முதுகு தண்ணீர்ப் பக்கம் இருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் தள்ளத் தள்ள கல்லோடு கல் இறுகும். மிருகக்காட்சிசாலைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், புலியைப் பார்த்து முடித்ததும் அதையும் பார்த்து வரலாம். நம் கல்லணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் அணைக்கு வயதாவது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வகை அணை தன் எடையால்தான் நிற்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. அணை கனத்தால் எதிர்க்கிறது. காலப்போக்கில் கல் இடுக்கு வழியே கசியும் நீர் சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். பின்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். சாந்து போகப் போக எடை குறையும். அடித்தளத்துக்குள் புகும் நீர் அணையைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். பழைய காலத்தில் இந்தத் தூக்குவிசையைக் கணக்கில் சேர்க்காமலே பல அணைகள் கட்டினார்கள். ஆகவே நூறு வயது அணையை ஆராய்கிறவர்கள் முதலில் துளையிட்டு உள்ளே சாந்து இருக்கிறதா, வெற்றிடமா என்று பார்ப்பார்கள், கசிவை அளப்பார்கள், தேவையானால் சிமெண்ட் பாலை அழுத்தத்தில் செலுத்துவார்கள்.

இதில் நமக்கு மிகத் தெரிந்த உதாரணம் முல்லைப் பெரியாறு. பென்னிகுக் 1895-இல் முடித்தது, சுண்ணாம்பும் சுர்க்கியும். 1979-இல் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டுக் கனம் கூட்டினார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை துளைத்து இரும்புக் கம்பி வடங்களை இழுத்துக் கட்டினார்கள். பின்னால் கான்கிரீட் முட்டுச் சேர்த்தார்கள். 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அந்த வழக்கின் அரசியலுக்குள் நான் போகவில்லை. பழைய அணையை வலுப்படுத்த வழி இருக்கிறது, அது நடந்திருக்கிறது என்பதே இங்கே வேண்டிய செய்தி.

மண் கரையின் கதை வேறு. அதன் மேல் வளரும் வேப்பமரமும் ஆலமரமும் கண்ணுக்கு அழகு. வேர் பட்டுப்போனால் அதுவே தண்ணீருக்குக் குழாய். கரையின் அடியில் கசிவு இருப்பது தவறல்ல, எல்லா மண் கரையும் கசியும். கசியும் நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதே கேள்வி. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். எங்கள் ரயில்வேயில் அனுபவப்பட்ட கேங்மேன்கள் இதை ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். டிப்ளமோ எல்லாம் வேண்டாம். மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்துவிட்டால் மட்டும் எந்தக் கைவைத்தியமும் கிடையாது. சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

வழியாமல் இருக்க வேண்டுமானால் கதவுகள் திறக்க வேண்டும். என்னைக் கேட்டால், பழைய அணைகளில் கல்லைவிட இரும்புதான் கவலை. உஸ்மான் சாகருக்கு 15 வெள்ளக் கதவுகள், ஹிமாயத் சாகருக்கு 17. சமீப ஆண்டுகளில் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் கடப்பை மாவட்டத்தின் செய்யேறு நதியில் அன்னமய்யா அணையின் மண் கரை அடித்துக்கொண்டு போயிற்று. ஐந்து கதவுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. 2022 ஜூலையில் நம் தெலங்கானாவில் கடம் அணைக்குத் தாங்கும் அளவைவிட அதிக வெள்ளம் வந்தது. 18 கதவுகளில் ஒன்று திறக்க மறுத்தது. அணை பிழைத்தது தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ராவில் 33 கதவுகளில் 19-ஆவது, சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போனது. ஓடும் வெள்ளத்திலேயே தடுப்புப் பலகைகளை இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்தார்கள். அந்த வேலைக்கு வழிகாட்டியவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர் கன்னய்ய நாயுடு. (ஓய்வு பெற்றவர்களை வீட்டில் காய்கறி வாங்க மட்டும் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.)

நம் இரட்டை அணைகளின் கதவுகளுக்கு இன்னொரு தொந்தரவு, சும்மா இருப்பது. 2010-க்குப் பிறகு ஹிமாயத் சாகர் கதவுகள் தூக்கப்பட்டது 2020 அக்டோபரில்தான். உஸ்மான் சாகரில் 2021 ஜூலையில். பத்து வருடம் அசையாத கதவு துருப்பிடிக்கும், ரப்பர் இறுகும், வடம் உலரும். ரயில்வேயில் ஒரு சிக்னல் கம்பியை ஒரு வாரம் இழுக்காமல் விட மாட்டோம். தண்ணீர் இல்லாத வருடத்திலும் மே மாதத்தில் எல்லாக் கதவுகளையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அதுவும் போனால் கையால் சுழற்றும் ஏற்பாடு, இரண்டும் ஓடுகின்றனவா என்று இரவில் ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். வெள்ளம் பெரும்பாலும் இரவில்தான் வருகிறது.

பத்து வருடம் ஏன் நிரம்பவில்லை? மழை இல்லாமல் அல்ல. அனந்தகிரி மலையிலிருந்து அணை வரை வரும் ஓடைகளில் தடுப்பணைகள், ஆழ்துளைக் கிணறுகள், பண்ணை வீடுகள், மதில்கள். இதைத் தடுக்கத்தான் 1996 மார்ச் 8 அன்று அரசாணை 111 வந்தது. இரு ஏரிகளையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், மாசுபடுத்தும் ஆலைகளும் பெரிய ஓட்டல்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கூடாது என்றது. ஓர் ஆமணக்கு எண்ணெய் ஆலை இதை எதிர்த்து வழக்காடியபோது, தீங்கு வந்த பிறகு பார்ப்பதல்ல, வருமுன் காப்பதே நெறி என்று உச்ச நீதிமன்றம் 1999-லும் 2000-லும் தீர்ப்பளித்தது. பேராசிரியர் நாயுடு வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிப்பது நம் ஹிமாயத் சாகரைப் பற்றித்தான். 2022 ஏப்ரலில் அரசாணை 69 அந்தக் கட்டுப்பாடுகளை நீக்குவதாக அறிவித்து, மாற்று விதி வகுக்க ஒரு குழுவையும் அமைத்தது. நகரின் குடிநீருக்கு இப்போது இந்த ஏரிகள் அவ்வளவாகத் தேவையில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். குடிநீருக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் நிலம் முழுதும் சிமெண்ட் பூசிவிட்டால், பாதி ஓடி வரும் என்று நான் மேலே போட்ட கணக்கு முக்கால், முழுசு என்று ஏறும். அணை பழையது, வரும் வெள்ளம் மட்டும் புதிது என்றாகிவிடும்.

அணைக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 26 இரவு இரண்டு அணைகளிலிருந்தும் சேர்ந்து 30,000 கன அடிக்கு மேல் திறந்தபோது, மூசியின் நடுவில் இருக்கும் மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. தசரா பண்டிகைக்கு ஊர் போக வந்தவர்களைக் கயிறு கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். மூசாரம்பாக் பாலம் மூழ்கியது, சாதர்காட் கரையோரம் வீடுகளுக்குள் நீர். இவ்வளவுக்கும் 1908-ஐ நினைத்தால் இது பெரிய வெள்ளமே அல்ல. ஹிமாயத் சாகர் கதவு தூக்கினாலே அவுட்டர் ரிங் ரோட்டின் சர்வீஸ் ரோட்டை மூட வேண்டியிருக்கிறது. அணையின் நேர் வாயில் ரோடு போட்டவர்கள் அந்த அணை எப்போதாவது திறக்கும் என்று நினைத்தார்களா என்றே தெரியவில்லை. ரயில்வேயில் ஒவ்வொரு பாலத் தூணிலும் இதுவரை வந்த மிக உயர்ந்த வெள்ளத்தின் மட்டத்தைப் பெயிண்ட் அடித்து, ஆண்டையும் எழுதி வைப்போம். அந்தக் கோட்டுக்குக் கீழே யாரும் ஒரு குடிசைகூடப் போடத் தயங்குவார்கள். மூசிக்கரையில் வீட்டுக்கு வீடு, தூணுக்குத் தூண் 1908, 2025 என்று கோடு போட்டால் ஆகும் செலவு சில டப்பா பெயிண்ட்.

சின்ன ஏரிகளையும் மறக்கக் கூடாது. 2020 அக்டோபரில் பெரிய அணைகள் இரண்டும் நின்றன. உடைந்தவை பல்லே செருவும் குர்ரம் செருவும். பழைய ஊரின் தெற்கில் காலனி காலனியாகத் தண்ணீருக்குள் போயிற்று. விஸ்வேஸ்வரய்யா எண்ணிய 221-இன் பேரப்பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஏரிகளுக்கு ரயில்வே பதிவேடு மாதிரி, ஊரைப் பாதிக்கக்கூடிய ஏரிகள் என்று ஒரு பதிவேடு ஏன் இருக்கக் கூடாது?

இப்போது ஒரு புதிய விஷயம். கோதாவரி நீரை மல்லன்ன சாகரிலிருந்து கொண்டுவந்து இந்த இரண்டு ஏரிகளையும் நிரப்பி, மூசியில் ஆண்டு முழுதும் நல்ல நீர் ஓடச் செய்யும் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், மூசியின் நாற்றம் அறிந்த எவரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கோடையிலும் நிரம்பி நிற்கும் ஏரி, பருவமழை தொடங்கும்போது வெள்ளத்துக்கு இடம் வைத்திருக்காது. குழாயில் வரும் கோதாவரியை ஜூன் மாதத்தில் நிறுத்தி, ஏரியை இத்தனை அடி இறக்கி வைக்க வேண்டும் என்ற விதி திட்டத்தோடு கூடவே வர வேண்டும். ஏரி நிரம்பித் ததும்பும் படம் பத்திரிகையில் வரும்போது கைதட்டுகிறோம். அரைக் காலியாக இருக்கும் ஏரியின் படத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை என்பதுதான் கஷ்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. அணைக்கு உடைமைக்காரர் யாரோ அவர் மழைக்கு முன்னும் பின்னும் சோதனை செய்ய வேண்டும். அவசர கால நடவடிக்கைத் திட்டம் எழுத வேண்டும். வெளி நிபுணர் குழுவைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் பரிசோதனைக்குச் சட்டம் கொடுத்த கெடு ஐந்து ஆண்டு, அதாவது 2026 டிசம்பர். நாட்டில் நூறு வயது தாண்டிய பெரிய அணைகள் 200-க்கும் மேல் இருக்கையில் நிபுணர்கள் எத்தனை பேர் என்பது வேறு கவலை. நம் இரண்டு ஏரிகளும் குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கின்றன. குழாயும் மீட்டரும் பில்லும் கவனிக்கும் நிறுவனத்துக்கு அணையைக் கவனிக்கத் தனியாக ஆளும் பணமும் வேண்டும். அந்தப் பரிசோதனை அறிக்கையின் சுருக்கத்தையாவது தெலுங்கிலும் உருதுவிலும் வெளியிட வேண்டும். நம் சங்கம் போன்றவை ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் தப்பில்லை. எழுதுவதற்கு நான் தயார்.

அதுவரை நம் அன்பர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பத்திரிகைகளில் இரண்டு ஏரிகளின் மட்டமும் அடிக்கடி வருகிறது. 1790, 1763.50 என்ற இரண்டு எண்களைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். செப்டம்பரில் மட்டம் இதற்கு இரண்டு அடிக்குள் இருந்து, விகாராபாத், சேவெள்ளா, ஷாபாத் பக்கம் பலத்த மழை என்று வானிலை அறிக்கையும் சொன்னால், அன்றிரவு மூசி ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும் பஸ்ஸை மகாத்மா காந்தி பஸ் நிலையத்தில் பிடிக்காமல் தில்சுக்நகரிலோ எல்.பி. நகரிலோ ஏறிக்கொள்ளுங்கள். சாதர்காட், மலக்பேட் பக்கம் தரைத் தளத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் மேல் பரணில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.